பாஸ்கா இரவை மாலை ஆறு மணிக்கே வைத்தால் என்ன?

பாம்பன் பக்கத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றின் இளைஞர் குழுவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்டருக்கு முந்திய பெரிய சனிக்கிழமை இரவுப் பூசை மூன்று மணி நேரம் இழுக்கிறது, காற்றில் நெருப்பும் நிற்பதில்லை மெழுகுவர்த்தியும் நிற்பதில்லை, ஏழு வாசகத்தில் நாலாவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அதனால் மாலை ஆறு மணிக்கே ஆரம்பித்து எட்டுக்குள் முடித்தால் என்ன, உயிர்த்தவர் உயிர்த்தவர்தானே, நேரத்தில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. காற்று, தூக்கம் இரண்டுக்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். கடைசி வரிதான் உண்மையான கேள்வி. உயிர்ப்பைக் கொண்டாட இருட்டு தேவையா? தேவை என்பது என் பதில்.

இயேசு உயிர்த்தெழுந்த அந்தக் கணத்தை எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் அடக்கத்தைச் சொல்கிறார்கள், பிறகு வாரத்தின் முதல் நாள் பெண்கள் கல்லறைக்குப் போனதைச் சொல்கிறார்கள். நடுவில் நடந்ததற்குச் சாட்சி இல்லை. மத்தேயுவில் நிலம் நடுங்கித் தூதர் கல்லைப் புரட்டுகிறார்; அப்போதும் அவர் சொல்வது ‘அவர் இங்கே இல்லை’ என்பதுதான். கல் புரண்ட பிறகு இயேசு வெளியே நடந்து வருவதாக ஒரு வரி கிடையாது. அந்த இரவில் புது நெருப்பிலிருந்து ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தியான பாஸ்கா திரியின் முன் நின்று பாடும் பாஸ்கா புகழுரை இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: கிறிஸ்து பாதாளத்திலிருந்து எழுந்த நேரத்தை அறியும் பேறு இந்த இரவுக்கு மட்டுமே கிடைத்தது என்கிறது அது. சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் இரவையே சாட்சியாக நிறுத்துகிறார்கள். அந்தப் பாட்டு முழுக்க ‘இந்த இரவில்’, ‘இந்த இரவே’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. மேற்கே வானம் இன்னும் சிவந்திருக்கும்போது அதைப் பாடினால் வாய் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும்.

இந்தக் கோளாறு உலகம் முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் நடந்ததுதான். இரவு வழிபாடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து சனிக்கிழமை காலைக்கே வந்துவிட்டது. காலை வெயிலில் நெருப்பு மூட்டி, ‘இது அந்த இரவு’ என்று பாடினார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனை முறையில் அதை இரவுக்குத் திருப்பினார். 1955இல் புனித வாரம் முழுவதையும் சீர்திருத்தி, 1956 முதல் எல்லாருக்கும் கட்டாயமாக்கினார். இன்றைய திருப்பலி நூலின் விதி சுருக்கமானது: இருட்டுவதற்கு முன் தொடங்கக் கூடாது, ஞாயிறு விடிவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். வழக்கமான சனி மாலை ஞாயிறு பூசையின் நேரத்துக்கு இதை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை உரோமை வழிபாட்டுப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வெளிப்படையாகவே கண்டித்தது. ஆகவே ஆறு மணி என்பது உங்கள் பங்குப் பேரவை தீர்மானித்துக்கொள்ளும் விஷயமல்ல. உங்கள் சாமியாரும் மறுத்தால் அது அவருடைய பிடிவாதமில்லை.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் கேட்பார்கள். உரோமை ஆளுநர் பிலாத்து யூதேயாவை ஆண்ட 26 முதல் 36 வரையான ஆண்டுகளுக்குள் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். கிறிஸ்தவர் அல்லாத வரலாற்று ஆசிரியர்களும் இதில் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. பாஸ்கா பண்டிகையை ஒட்டி, ஒரு வெள்ளிக்கிழமையில் என்பதிலும் நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகின்றன. அன்று பாஸ்கா ஆட்டை அறுக்கும் நாளா, ஆட்டை உண்ட மறுநாளா என்பதில் யோவான் ஒரு பக்கம், மற்ற மூவர் ஒரு பக்கம். ஆண்டு 30 என்பாரும் உண்டு, 33 என்பாரும் உண்டு. கல்லறைக்குப் போனவர் யோவானில் மகதலா மரியா மட்டும். மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர், லூக்காவில் அதற்கும் மேல். யோவானில் இன்னும் இருட்டாக இருக்கிறது, மாற்கில் கதிரவன் எழுந்தாகிவிட்டது. இந்த வேறுபாடுகளை இழுத்துப் பிடித்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. வெறுங்கல்லறை, முதலில் அறிந்தவர்கள் பெண்கள், வாரத்தின் முதல் நாள் என்ற மூன்றிலும் நால்வருக்கும் ஒரே பேச்சுதான். உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் தருகிறார். நற்செய்திகளுக்கு முந்திய எழுத்து அது, ஐம்பதுகளின் நடுப்பகுதி. ‘கண்டோம்’ என்று அவர்கள் சொன்னார்கள், அதற்காகச் சிலர் உயிரையும் கொடுத்தார்கள் என்பது வரை வரலாறு கூட வரும். அதற்கு அப்பால் நம்புவதா வேண்டாமா என்பது வரலாற்றுக் கருவியால் தீர்கிற வழக்கில்லை.

வெள்ளி மாலை இறந்து ஞாயிறு காலை உயிர்த்தால் எப்படி மூன்று நாள் என்று அடுத்து ஒருவர் நிச்சயம் கேட்பார். யூதருக்கு நாள் சூரியன் அடையும்போது பிறக்கிறது. நாளின் ஒரு துண்டும் ஒரு நாளாக எண்ணப்படும். வெள்ளி அடைவதற்கு முன் ஒன்று, சனி இரண்டு, சனி அடைந்த பிறகு மூன்று. இறந்த நாளையும் சேர்த்துப் பதினாறாம் நாள் எண்ணும் நம் ஊருக்கு இது புதிதல்ல. மத்தேயு 12:40இல் வரும் ‘மூன்று பகலும் மூன்று இரவும்’ கொஞ்சம் இடறும். பழைய ஏற்பாட்டின் எஸ்தர் நூலில் அரசி எஸ்தர் மூன்று நாள் இரவும் பகலும் நோன்பு என்று அறிவித்துவிட்டு மூன்றாம் நாளே அரசன் முன் போய் நிற்கிறாள். அதுபோன்ற பேச்சு வழக்கு என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அடுத்தது நிலா. இருட்டு நாள், நிலவு நாள் என்று கணக்கு வைத்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால்தான் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை அது அலைகிறது. (திருச்சபை வைத்திருக்கும் நிலாக் கணக்கு அட்டவணைக் கணக்கு; வானத்து நிலாவோடு சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும்.) யூதப் பாஸ்கா பௌர்ணமியில் வருவதால் இயேசு இறந்ததும் பௌர்ணமியை ஒட்டித்தான். அவர் சிலுவையில் தொங்கியபோது நண்பகல் முதல் மூன்று மணி வரை சூழ்ந்த இருள் சூரிய கிரகணம் என்று மேடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும்.

இந்த நிலாக் கணக்கு உங்கள் ஏற்பாட்டுக்கும் உதவும். 2025இல் பௌர்ணமி ஏப்ரல் 13, ஈஸ்டர் ஏப்ரல் 20. பெரிய சனி இரவில் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழுந்தது. எட்டு மணிக்கு நல்ல இருட்டு. 2026இல் பௌர்ணமி ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5. அப்படிப்பட்ட ஆண்டில் சனி இரவு எட்டு மணி வாக்கிலேயே நிலா கடலுக்கு மேலே வந்துவிடும். அது விதிமீறல் ஒன்றுமில்லை, அழகும்தான். ஆனால் ஒற்றைத் திரி இருட்டுக்குள் நுழைவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் நிலா ஏறும் முன் பவனியை முடிப்பது நல்லது. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை உங்கள் பக்கம் சூரியன் ஏறத்தாழ 6.25க்கு அடைகிறது. ஏழே காலுக்கு முன் முழு இருட்டு இறங்காது. ஏழரைக்கு நெருப்பு என்று வைத்துக்கொண்டால் விதிக்கும் சரி, பத்து மணிக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் முடியும். இன்னொரு வழி விடியற்காலை 3 மணி. பிள்ளைகள் தூங்கி எழுந்து வருவார்கள், கூட்டம் குறையும், ஆனால் வந்தவர்கள் விழித்திருப்பார்கள். சனிக்கிழமை விசைப்படகு போகும் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025போல ஈஸ்டர் ஏப்ரல் 15க்குப் பின் வந்தால் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும். 2026, 2027 (மார்ச் 28) இரண்டிலும் அந்த வசதி இல்லை; 2028இல் ஏப்ரல் 16. ஈஸ்டர் அந்தத் தேதிக்கு முன் வரும் ஆண்டுகளில் படகுச் சங்கத்தோடு தவக்காலத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பெரிய வியாழனன்று பேசினால் ஐஸும் டீசலும் ஏற்றியிருப்பார்கள்.

இனி நெருப்பு. பங்குனி, சித்திரையில் வாடை ஓய்ந்து தென்காற்று பிடிக்கும் காலம் என்பதால் எந்தப் பக்கம் வீசும் என்று அன்று மாலைதான் தெரியும். அதனால் இடத்தை ஒன்றாக முடிவு செய்யாமல் ஆலயத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம் பார்த்துவைத்து, கட்டடம் காற்றை மறைக்கும் பக்கத்தை மாலை ஆறு மணிக்குத் தேர்ந்தெடுங்கள். அகலமான இரும்புச் சட்டியில் நாலு விரல் மணல் போட்டு, மூன்று பக்கம் செங்கல் அடுக்கி முழங்கால் உயரச் சுவர் எழுப்பினால் போதும். பனை ஓலையும் மட்டையும் வேண்டாம். குப்பென்று எரிந்து பொறி பறக்கும். பக்கத்தில் கொட்டகையும் காய்கிற வலையும் இருக்கும் ஊரில் அது ஆபத்து. உங்கள் மாவட்டத்தில் தட்டுப்பாடே இல்லாத சீமைக்கருவேல விறகு, கூடவே கொஞ்சம் தேங்காய்ச் சிரட்டை, பற்றவைக்கக் கற்பூரம். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுவது ஒவ்வோர் ஆண்டும் எங்காவது ஒரு பீடச்சிறுவனின் புருவத்தைக் கருக்குகிறது. வழிபாடு தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே மூட்டிவிட்டால் சாமியார் வரும்போது தழலும் இருக்கும், சுவாலையும் இருக்கும். தூபக்கலசத்துக்குத் தேவையான கரியையும் அதிலிருந்தே எடுக்கலாம். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், அருகிலேயே நிற்க ஓர் ஆள்.

பாஸ்கா திரி மெழுகில் செய்ததாக, ஒன்றே ஒன்றாக, ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே எண்ணெய்க் குப்பி வைத்த பிளாஸ்டிக் திரி கூடாது. போன ஆண்டுத் திரியில் புது ஆண்டின் எண்ணை ஒட்டுவதும் கூடாது. சிலுவையைக் கீறி, மேலே அகரம், கீழே னகரம் (ஆல்பா, ஒமேகா போட்டாலும் அதேதான்), நாலு மூலையில் ஆண்டு எண்: 2026 என்றால் இடது மேல் 2, வலது மேல் 0, இடது கீழ் 2, வலது கீழ் 6. ஐந்து சாம்பிராணி மணிகள் ஐந்து காயங்கள்: மேலே, நடுவில், கீழே, பிறகு இடது, வலது என்ற வரிசை. குத்தும்போது மெழுகு பிளந்து மணி கீழே விழுவது எல்லா ஊரிலும் நடக்கும். மதியமே சூடான கம்பியால் ஐந்து துளையும் போட்டுவைக்கக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லுங்கள். புதுத் திரியின் நூல் மெழுகு பூசியிருப்பதால் காற்றில் சட்டென்று பற்றாது. முன்னதாகச் சில நிமிடம் எரியவிட்டு, நூல் கருகியதும் அணைத்துவைத்தால் இரவில் ஒரே தொடுதலில் பற்றும். நெருப்பிலிருந்து திரிக்குத் தீயைக் கொண்டுபோக நீளமான மெழுகுவர்த்தி ஒன்று, காற்றை மறைக்க இரண்டு பேர் பிடித்த துணி. அதையும் மீறி அணைந்துபோனால், பதறாமல் அதே நெருப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். பையில் இருக்கும் தீப்பெட்டியைத் தேடாதீர்கள். அதற்காகவே பவனி உள்ளே போகும் வரை நெருப்பை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஆலய வாசலில் முதல் ‘கிறிஸ்துவின் ஒளி இதோ’. சாமியாரின் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றப்படும். நடுக் கோயிலில் இரண்டாவது. மக்களுக்குத் தீ பரவும். பீடத்தின் முன் மூன்றாவது, அதன்பின் மின்விளக்குகள். பீடத்து மெழுகுவர்த்திகளை மட்டும் அப்போது தொடக் கூடாது, அவை வாசகங்களுக்குப் பின் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது ஏற்றவேண்டியவை. இங்கே கெடுவது மின்சாரத்தில்தான். யாரோ ஒருவர் ஆர்வத்தில் மெயினையே அணைத்துவிடுவார், மைக்கும் போய்விடும். விளக்குச் சுவிட்சுகளை மட்டும் அணைக்கத் தெரிந்த ஒருவரைப் பலகையருகில் நிறுத்துங்கள். மின்விசிறிகளையும் அணையுங்கள், கடல் பக்கத்து சன்னல்களைப் புகழுரை முடியும் வரை சாத்திவையுங்கள். டீக்கடைப் பேப்பர் கப்பின் அடியில் துளையிட்டுச் செருகினால் காற்றும் தடைபடும், சூடான மெழுகும் கையில் வடியாது. தீ கொடுப்பவர் நேராகப் பிடிக்க, வாங்குகிறவர் தன் எரியாத மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் சேலைகளில் மெழுகு. சிறுபிள்ளைகளின் மெழுகுவர்த்தியைத் தாய்மார் கையில் கொடுப்பது உத்தமம். முன்னால் நிற்பவரின் பின்னல் பற்றுவது சிரிப்பதற்குரிய விஷயமல்ல.

வாசகங்களைக் குறைக்க விதி இடம் தருகிறது. பழைய ஏற்பாட்டில் ஏழு; மேய்ப்புப்பணி காரணம் இருந்தால் மூன்று வரை குறைக்கலாம், மிக நெருக்கடி என்றால் இரண்டு. இஸ்ரயேலர் கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14ஐ மட்டும் எந்தச் சூழலிலும் விடக் கூடாது. என் ஆலோசனை நாலு அல்லது ஐந்து: படைப்பு (குறுகிய வடிவம் உண்டு), ஆபிரகாம், கடல், எசாயா, எசேக்கியேல். தூக்கத்துக்குக் காரணம் எண்ணிக்கையைவிட வாசிக்கும் விதம்தான். அன்று மாலை தாளைக் கையில் வாங்கி வாசிப்பவர் குரல் யாரையும் விழித்திருக்க வைக்காது. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு பதிலுரைப் பாடல், ஒரு மன்றாட்டு. அப்போது எழுந்து நிற்பதே பாதித் தூக்கத்தைக் கலைக்கும். கடலின் வாசகத்தைக் கடலுக்குப் போய் வந்த ஒரு பெரியவரிடம் கொடுங்கள். இரவு முழுவதும் வலிய கீழ்க்காற்று அடித்துத் தண்ணீரைப் பிரித்தது என்று அவர் வாசித்தால், கொண்டல் எப்படி அடிக்கும் என்று தெரிந்த சபைக்கு உரையே வேண்டாம். அந்த வாசக முடிவில் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ சொல்லாமல் நேராக மோசேயின் பாடலுக்குப் போக வேண்டும். பாடகர் குழுவிடம் முன்பே சொல்லிவைக்காவிட்டால் அங்கே ஓர் அசட்டு மௌனம் விழும். திருச்சபை இந்த இரவில் கடலை ஏன் விடமாட்டேன் என்கிறது என்பது சிறிது நேரம் கழித்து உரோமையர் 6இல் தெரியவரும்: திருமுழுக்கில் அவரோடு சாவுக்குள் அடக்கம் செய்யப்பட்டோம், அவரோடு எழுவோம். நீர் வழியும் விடுகிறது, ஆளையும் விழுங்குகிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்ட கடலின் கரையில், இடிந்த கோயில் சுவர் இன்னும் நிற்கும் இடத்தில், இந்த இரண்டாம் பாதியை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் பிரசங்கிக்க முடியாது.

‘உன்னதங்களிலே’ தொடங்கும்போது திரை விலகி, புகை கிளம்ப, வெடி வெடிக்க, கப்பியில் கட்டிய உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கல்லறையிலிருந்து எழும்பும் காட்சி பல கடற்கரைப் பங்குகளில் உண்டு. உங்கள் குழுவின் பெரும்பாலான நேரமும் பணமும் இதற்குத்தான் போகிறது என்று ஊகிக்கிறேன். திருப்பலி நூலில் இப்படி ஒரு சடங்கு இல்லை. மக்களுக்குப் பிடித்த வழக்கம். நான் இதை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் யாரும் காணாத ஒன்றைக் காட்டிவிடுகிறோம் என்பது எனக்கு நெருடுகிறது. கயிறு பாதியில் சிக்கினால் நாற்பது நாள் தவமும் ஒரு சிரிப்பில் கரைந்துபோகும். சுரூபத்தை முன்னதாகவே பீடத்தருகில் துணியால் மூடி வைத்து, மணிகள் அடிக்கும்போது துணியை மட்டும் எடுத்துவிடுங்கள். வெடியைப் பூசை முடிந்து வெளியே வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகளும் நன்றி சொல்லும். தவக்காலம் முழுக்கப் பாடாமல் விட்டு இப்போது திரும்பவந்த அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்திப் பாடுவதற்கு அந்த உழைப்பைச் செலவிடுங்கள்.

திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது மக்கள் மெழுகுவர்த்திகளை மறுபடி ஏற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே முழுதும் எரிந்துவிடாதபடி புகழுரை முடிந்ததும் அணைக்கச் சொல்லுங்கள். திருமுழுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது பாஸ்கா திரியைத் தண்ணீருக்குள் இறக்குவதற்கு இரண்டு கை வேண்டும், தொட்டியும் ஆழமாக இருக்க வேண்டும். ஆழமில்லாத பாத்திரத்தில் திரி சாய்ந்து உருகிய மெழுகு தண்ணீரில் கொட்டும். கூட்டம் அதிகமென்றால் தெளிப்பதற்கு வேப்பிலைக் கொத்தும் ஆகும், வாளியும் ஆகும்.

அதன்பின் திரி தூய ஆவிப் பெருவிழா வரை வாசக மேடை அருகில் நிற்கும். பிறகு திருமுழுக்குத் தொட்டியருகே போகும். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது அதிலிருந்துதான் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். ஊரில் ஒருவர் இறந்தால் பெட்டியருகே நிற்பதும் அதே திரிதான். ஆண்டு முழுவதும் தேவைப்படும் என்பதால் ஒவ்வொரு முறை அணைத்ததும் நூலை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள், குழிக்குள் தேங்கிய மெழுகைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சக்ரீஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) மே மாதம் நிறுத்திவைத்தால் வாழைத்தண்டு மாதிரி வளைந்துபோகும். துணியில் சுற்றி, சமமான பலகைமேல், தரையை ஒட்டிப் படுக்கவைக்க வேண்டும்.